ஏழு இருக்கைக் கார்

தினமும் ஸ்கூடாயிலிருந்து பாசிர் கூடாங் தொழிற்சாலைக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போகிறவள் நான். எனக்கு வேண்டியது பெட்ரோலைக் கொஞ்சமாகக் குடிக்கும் சின்னக் கார். ஆனால் என் கணவரின் அண்ணன், யாரும் கூப்பிடாமலே ஷோரூமுக்கு வந்து நின்றார்.

"ஏழு சீட்டு எடும்மா. சாஆ ஊரு கோயில் திருவிழாவுக்கு எல்லாரும் ஒரே காடியில போலாம்லா."

வருடத்துக்கு ஒரு திருவிழா. அதற்காக மற்ற நாளெல்லாம் ஆறு காலி இருக்கைகளை நான் சுமந்து திரிய வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் மோவாயில் இடித்தது.

"நீங்களும் உட்கார்ந்து பாருங்க, மாமா."

"அது பொம்பளைங்களுக்கும்மா."

கூட வந்திருந்த என் கணவர் விலைத்தாளைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஏழு இருக்கைக் கார்களிலேயே பெட்ரோல் குறைவாகக் குடிப்பதை நானே தேடிப்பிடித்து, என் பெயரில் வாங்கினேன்.

கோயிலில் பூசை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முதல் சுற்றை வீட்டுக்குப் பெரியவர்தான் ஓட்ட வேண்டுமாம். மாமா ஏறினார். பக்கத்தில் என் கணவர். பின்னால் மாமாவின் மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். ஏழும் நிறைந்தன.

"நீ அடுத்த ரவுண்டு வாம்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

தலையாட்டிவிட்டு எதிர்த் தேநீர்க் கடைக்குப் போய் தே தாரிக் சொன்னேன். சாவி உள்ளே இருந்தால்தான் அந்தக் கார் கிளம்பும். சாவி என் கைப்பையில் இருந்தது. அவர் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்ப்பது அங்கிருந்தே தெரிந்தது. நான் ஆற்றி ஆற்றிக் குடித்தேன்.