வெந்தய வரியன் இல்லம்மா

குளிக்கும்போது சோப்பு நுரை வலது கண்ணுக்குள் போய்விட்டது. என் மகள் ஜெனி அந்தக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கதவருகே துண்டோடு நின்றவரைப் பார்த்து, "அம்மா, தண்ணி ஊத்தும்மா" என்றாள்.

அங்கே நின்றது நான் அல்ல, என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று அழைப்பவர்.

"நல்லாப் பாருடி, அத்தை நிக்கிறேன்" என்றார் அண்ணி. குரலை வைத்து ஆளைக் கண்டுகொண்டு ஜெனி சிரித்தாள். அண்ணியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலை துவட்டியதும், விளையாட்டைப் போல அவள் வலது கண்ணைப் பொத்தி, எதிர்ச் சுவர்க் காலண்டரில் என்ன படம் என்று கேட்டேன். "மஞ்சளா இருக்கு" என்றாள். அது மாதா படம். குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கும் மாதா.

அப்போது அவளுக்கு ஆறு வயது.

திண்டுக்கல்லிலேயே ஒரு கண் மருத்துவமனையில் காட்டினோம். சொட்டு மருந்து விட்டு, காத்திருக்க வைத்து, மறுபடி பார்த்துவிட்டு மருத்துவர் அம்மா ஒரு பெயர் சொன்னார்: ஆம்ப்ளியோபியா (சோம்பல் கண்; ஒரு கண் அனுப்பும் காட்சியை மூளை ஏற்காமல் ஒதுக்கிவிடும் நிலை). ஜெனியின் இடது கண்ணுக்குப் பவர் மிக அதிகம். வலது கண் தெளிவாக இருந்ததால் மூளை அதையே நம்பிப் பழகிவிட்டது. வெளியே பார்க்க இரண்டு கண்ணும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அதனால்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

"சின்ன வயசுல மூளை சொன்னாக் கேக்கும்மா. வயசு ஏற ஏற அது குறைஞ்சுக்கிட்டே வரும். இப்ப வந்தது நல்லது" என்றார்.

அவர் நல்லது என்றது என் காதில் விழவில்லை. குறைந்துகொண்டே வரும் என்பது மட்டும் விழுந்தது.

"மாசமா இருந்தப்ப சத்து மாத்திரைய ஒழுங்காச் சாப்பிடல டாக்டர். அதனாலயா?"

"இல்லம்மா."

"பொறந்தப்ப கண்ணுக்கு மை வச்சோம்..."

"அதுவும் இல்ல. யாரும் எதுவும் செஞ்சு வந்ததில்ல இது. இனிமே என்ன செய்யப் போறோம், அதை மட்டும் பேசுவோம்."

கண்ணாடி கொடுத்தார். தினமும் சில மணி நேரம் வலது கண்ணில் ஒட்டு (நல்ல கண்ணை மூடும் பட்டை, சோம்பல் கண்ணை வேலை செய்ய வைப்பதற்காக) போடச் சொன்னார். அந்த நேரத்தில் கிட்டத்தில் பார்க்கும் வேலை ஏதாவது தரவேண்டும் என்றார்.

இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆரம்பம் மோசமாகத்தான் இருக்கும். பார்க்கத் தெரிந்த குழந்தையின் பார்வையை நம் கையாலேயே மூடுகிறோம். ஜெனி கதவு நிலையில் மோதிக்கொண்டாள். வண்ணம் தீட்டச் சொன்னால் தாளுக்கு வெளியே தீட்டினாள். ஒட்டைப் பிய்த்துத் தலையணைக்கு அடியில் ஒளித்தாள். பிய்த்த இடத்தில் தோல் சிவந்தபோது, நான் செய்வது வைத்தியமா கொடுமையா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அண்ணிக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. அவர் பள்ளி ஆசிரியை. முதல் வருகையின்போதே மருத்துவமனைச் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் போனில் படம் எடுத்து வந்திருந்தார். அதைப் பெரிதாக அச்செடுத்து, பீரோ கதவில் ஒட்டி, ஜெனிக்கு மாலைதோறும் பாடம் எடுத்தார்.

"அண்ணி, இது சரியா?" என்று கேட்டேன்.

"பரீட்சைன்னா பிள்ளையத் தயார் பண்ணித்தான் அனுப்பணும் அமலா. அம்புட்டு வரியும் இப்ப தலைகீழாச் சொல்லுவா பாரு."

சொன்னாள். மறு பரிசோதனையில் மருத்துவர் ஒட்டைப் போட்டதும், கடைசி வரி வரைக்கும் ராகம் போட்டு ஒப்பித்தாள். அண்ணி என் தொடையில் தட்டினார். மருத்துவர் எங்கள் மூவரையும் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பலகையை மாற்றினார்.

ஜெனி முதல் எழுத்தோடு நின்றுவிட்டாள்.

"பாப்பா மனப்பாடத்துல நூத்துக்கு நூறு" என்றார் மருத்துவர். "கண்ணு இன்னும் பள்ளிக்கூடமே போகல." பிறகு என்னிடம் சொன்னார்: "விடை முன்னாடியே தெரியாத எதையாவது பாக்க விடுங்கம்மா. சின்னதா, கிட்டத்துல, அவளே தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரி."

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை. எருக்கும் தும்பையும் ஆவாரையும் மண்டிக் கிடக்கும். ஒட்டோடு வீட்டுக்குள் அடைந்து கிடக்க மாட்டேன் என்று அழுதவளை ஒரு காலையில் அங்கே நடத்திக்கொண்டு போனேன். எருக்குச் செடி முன்னால் நின்றாள். முகத்தை இலைக்கு வெகு அருகில் கொண்டுபோனாள்.

"அம்மா, இந்த இலைல யாரோ கயிறு கட்டிருக்காங்க."

அவளை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தேன். எருக்கம்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் வளர்ந்திருக்கிறோம். இழுத்த பிறகுதான் பார்த்தேன். கயிறு நகர்ந்தது. கருப்பு, வெள்ளை, மஞ்சள் என்று பட்டை பட்டையாக ஒரு புழு. உடம்பில் ஜோடி ஜோடியாகக் கருங்கொம்புகள்.

மூடாத கண்ணால், யாரும் காட்டாமல், அவளாக முதலில் பார்த்தது அது.

புழு தேட விடலாமா என்று மருத்துவரைக் கேட்டேன். கண்ணாடி போட்டிருக்க வேண்டும், செடியைத் தொடக்கூடாது, இலையை நான்தான் குச்சியால் திருப்ப வேண்டும், முடி முடியாக இருக்கும் கம்பளிப்பூச்சி பக்கமே போகக்கூடாது, வந்ததும் கை கழுவ வேண்டும். இந்த நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. போனில் ஒரு பட்டாம்பூச்சி வழிகாட்டியைத் தேடி எடுத்துப் பெயர்களைப் படித்தோம். பட்டைப்புழு வளர்ந்து வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி ஆகும். ஆரஞ்சு இறகு, கருப்பு ஓரம், நுனியில் வெள்ளைத் திட்டு. கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருப்பது எலுமிச்சை அழகியின் புழு.

ஒட்டு போடும் நேரம் மெல்ல மெல்லப் பூச்சி நேரம் ஆனது. "ஒட்டு எங்கம்மா?" என்று அவளே கேட்டு வந்தாள். வேடசந்தூர் மில்லில் ஷிஃப்ட் முடித்து வரும் என் கணவர், நாங்கள் இருவரும் செடிக்குள் குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "அவ புழுவப் பாக்குறா. நீ அவளப் பாக்குற. என்னைய யாரு பாக்குறது? செத்த நேரம் வந்து டீயப் போடு" என்பார்.

அவர் சொன்னது உண்மை. நான் அவளைத்தான் பார்த்தேன். முதலில் பெரிய புழுக்கள் மட்டுமே அவளுக்குத் தெரிந்தன. பிறகு நகத்துணுக்கு அளவுப் புழுக்கள். ஒருநாள் நான் திருப்பிய இலையின் அடியில், ரவையை விடச் சிறிய வெள்ளை முட்டையைக் காட்டினாள். அன்று மனம் நிறைந்திருக்க வேண்டும். ஆனால் எழுத்துப் பலகை என்னைச் சந்தேகப் பிராணியாக்கி இருந்தது. எருக்கு என்றால் புழு, இலைக்கு அடியில் முட்டை என்று இதையும் மனப்பாடம் செய்துவிட்டாளோ? பார்க்கிறாளா, ஒப்பிக்கிறாளா? அடுத்த பரிசோதனை நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. மனை முழுக்கத் தரையோடு பருப்புக்கீரை படர்ந்திருந்தது. அண்ணியும் எங்களோடு வந்திருந்தார். கீரைமேல் ஆரஞ்சு இறகை விரித்து ஒன்று உட்கார்ந்தது. நுனியில் வெள்ளைத் திட்டு, கருப்பு ஓரம்.

"வெந்தய வரியன்" என்றேன்.

ஜெனி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வலது கண்ணில் ஒட்டு. "இல்லம்மா."

"அதான்டி. அம்மா சரியாத்தான சொல்றா" என்றார் அண்ணி.

"அதுக்குக் கீழ் இறகுல நடுவுல பொட்டு பொட்டா இருக்கும் அத்தை. இதுக்கு நடுவுல ஒன்னுமே இல்ல. மேல ஓரத்துல ஒரே ஒரு பொட்டுதான்."

என் இரண்டு நல்ல கண்களுக்கு அது தெரியவில்லை. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் பொட்டு இல்லை. ஓரத்தில் ஒன்று இருந்தது. வழிகாட்டியைத் துழாவியபோது விளங்கியது. அது டனாய்ட் எக்ஃப்ளை என்ற வேறு இனத்தின் பெண் பூச்சி. வெந்தய வரியனைப் பறவைகள் தின்பதில்லை என்பதால் அதைப் போலவே வேடம் போட்டுத் திரிகிறது. பருப்புக்கீரையில் முட்டையிட வந்திருக்கிறது.

இந்த விடையை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. எங்களில் யாருக்குமே தெரியாதே.

அண்ணி போனைப் பார்த்தார், பூச்சியைப் பார்த்தார். "ஏ அமலா, நம்மளத்தான் அது ஏமாத்திருச்சு. இவள ஏமாத்த முடியல" என்றார். நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சேலை நனைந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

பரிசோதனை நாளில் மருத்துவர் அண்ணியைப் பார்த்ததும், "டீச்சர் மட்டும் வெளிய இருங்க" என்றார். அண்ணி தாழ்வாரத்தில் ஜெபமாலையோடு உட்கார்ந்தார். உள்ளே இதுவரை நாங்கள் பார்த்திராத பலகை. இடது கண்ணால் ஜெனி படித்தாள். ராகம் இல்லாமல், தயங்கித் தயங்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி. ஒன்றைத் தவறாகச் சொல்லித் திருத்திக்கொண்டாள். அந்தத் தவறு எனக்கு எவ்வளவு இனித்தது! ஒப்பிப்பவர்கள் அப்படித் தடுமாற மாட்டார்கள். கடைசிக்கு முந்தைய வரி வரை போனாள்.

அடுத்து ஸ்டீரியோப்சிஸ் (இரண்டு கண்களும் சேர்ந்து ஆழத்தை உணரும் திறன்) சோதனை. ஒரு தனிக் கண்ணாடியை மாட்டிவிட்டு, பட்டாம்பூச்சிப் படம் ஒன்றை முன்னால் வைத்தார். எனக்கு முன்பே விளக்கியிருந்தார்: இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்தால் இறகு தாளை விட்டு எழும்பி நிற்கும். இல்லையென்றால் அது வெறும் படம்.

"இறகைப் பிடி பாப்பா."

ஜெனியின் விரல்கள் தாள் வரைக்கும் போகவில்லை. நடுக்காற்றில் நின்று, எதுவும் இல்லாத இடத்தில் மெதுவாக ஒன்றுசேர்ந்தன.

"பிடிச்சிட்டா!" என்றார் மருத்துவர். அவர் குரலும் உயர்ந்துவிட்டது.

"டாக்டர், இது என்ன பூச்சி?"

"தெரியலையேம்மா."

"இப்படி ஒன்னு கிடையவே கிடையாது. சும்மா வரைஞ்சிருக்காங்க" என்றாள் ஜெனி.

ஒட்டு நேரத்தைக் குறைத்தார்கள். உடனே நிறுத்தவில்லை. நிறுத்தினால் பார்வை பின்வாங்க வாய்ப்புண்டு என்பதால் மருத்துவர் சொல்லும் அளவில்தான் குறைக்க வேண்டும், கூட்டவும் வேண்டும். அளவுக்கு மீறி மூடினால் நல்ல கண்ணும் மங்கலாம்; அதுவும் நமக்கு வேண்டுமல்லவா?

வயது ஏற ஏறக் குறையும் என்ற வாக்கியத்தோடு நான் வெகுகாலம் வாழ்ந்தேன். அவள் பிறந்தநாள் வந்தபோது கேக் வெட்டக்கூட மனம் கூசியது. இப்போது வயது ஏறுவதை அவள் உயரத்தில் பார்க்கிறேன். முன்பு என் இடுப்பளவு இலைகளில் தேடியவள், இப்போது என் தோளளவு இலைகளில் தேடுகிறாள். கண் என்றால் முகத்தில் இருக்கும் இரண்டு உறுப்பு என்றுதான் நினைத்திருந்தேன். அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும் ஒன்று என்பதை என் மகளின் உடம்பில் பார்த்தேன்.

இன்று காலை மனையில் ஆரஞ்சாக ஒன்று பறந்து போனது. பெயர் என் வாயில் வந்துவிட்டது. சொல்லவில்லை. அது உட்காரும்வரை இருவரும் நின்றோம். அவசரம் ஒன்றும் இல்லை.