யார் சொன்னால் அத்துமீறல்?

எங்கள் கடை நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கிற மனு அடிக்கும் கடை. இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. ஒரு கணினி எனக்கு, இன்னொன்று மின்னலுக்கு. அவள் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்து நான் வைத்த பெயர் அது. புருஷனோடு ஒத்துவராமல் ஒற்றைப் பெட்டியோடு கிளம்பி வந்து, தனியாக ஓர் அறை பிடித்து, சொந்தச் சம்பாத்தியத்தில் வாழ்கிறவள். அந்த அறை அவளுக்கு உயிர். "கதவைச் சாத்தினா உள்ள நான் மட்டும்தான்க்கா" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள்.

எங்கள் தொழிலில் ‘அத்துமீறி நுழைந்து’ என்று அடிக்காத நாளே கிடையாது. அத்து என்றால் எல்லை. வேலியைத் தள்ளி நட்டவன், அடுத்தவன் மாடியில் மூட்டையை அடுக்கியவன் எல்லார் மேலும் அதைத்தான் அடிப்போம். மின்னல் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள்.

ஒருநாள் காலையில் வந்தவள், "அக்கா, என் பாயில யாரோ நகம் வெட்டிப் போட்டிருக்காங்க" என்றாள். பிறகு சீப்பில் நரைமுடி, தலையணையில் எண்ணெய்ப் பிசுக்கு. மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்தவள் ஒரு மதியம் திரும்பிப் போனால், வீட்டுச் சொந்தக்காரர் அவள் படுக்கையில் பனியனோடு மல்லாந்து கிடக்கிறார். பதறினாரா? அதுதான் இல்லை. "வாம்மா, உட்காரு" என்றாராம். அவள் அறைக்குள் அவளையே வரவேற்கிறார்! "மாடியில ஒரே வெக்கை. இங்க ஃபேன் நல்லா சுத்துது. பகல்ல சும்மாதானே கெடக்கு?" த்தூ! மனுஷனா அவன்?

காவல் நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். மனுவில் அவள் அத்துமீறல் என்றுதான் அடித்திருந்தாள். ஏட்டு பல் குத்திக்கொண்டே படித்தார்.

"ஏதாவது திருடு போச்சா?"

"இல்ல சார்."

"மேல கை வெச்சாரா?"

"இல்ல."

"அப்புறம் என்ன அத்துமீறல்? சொந்தக்காரர் தன் வீட்டுக்குள்ள வந்திருக்காரு. அந்த வார்த்தையெல்லாம் சொந்தக்காரங்க சொல்லணும்மா. நீ வாடகைக்கு இருக்கிறவ." பல் குத்திய குச்சியை எங்கள் காலடியிலேயே போட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன். மின்னல்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். வருகிற வழியில் புதுப் பூட்டு ஒன்று வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரமே மனிதர் எங்கள் கடைக்கு வந்து நின்றார், பெண்டாட்டியோடு. பூட்டை மாற்றியதற்காக அவள் மேல் புகார். அதை அவளே அடித்துத் தர வேண்டுமாம்! "நம்ம பொண்ணுதானே, கூலியைக் கொஞ்சம் குறைச்சுக்கும்." வெட்கம், மானம் எதுவுமே கிடையாதா இந்த ஜென்மத்துக்கு? நான் வாயைத் திறப்பதற்குள், "சொல்லுங்க, அடிக்கிறேன்" என்றாள் மின்னல்.

பெண்டாட்டி பெயரில் எழுதச் சொல்லி அவர் சொல்லச் சொல்ல அடித்தாள். அடித்ததை உரக்க வாசித்தாள். "தினமும் மதியம் மேற்படி அறையில் படுத்து ஓய்வெடுப்பது என் கணவரின் வழக்கம். மேற்படியாள் அத்துமீறிப் பூட்டுப் போட்டதால் அவருக்குத் தூக்கம் கெட்டுவிட்டது." பெஞ்சில் அவரை ஒட்டி இருந்தவர் எழுந்து தள்ளிப் போய் நின்றார்.

கையெழுத்துப் பெண்டாட்டி போட வேண்டும். வீடு அந்த அம்மாள் பெயரில் இருக்கிறதாம். எங்களுக்கே அப்போதுதான் தெரியும். அம்மாள் பேனாவை வாங்கவில்லை. புருஷன் பக்கம் திரும்பினார்.

"சிநேகிதர் வீட்டுக்குப் போறேன்னு தினம் கிளம்பினது அங்கதானா?"

"பகல்ல காலியாத்தானே..."

"தனியா இருக்கிற பொண்ணு. அவ படுக்கையிலயா போய்ப் படுத்தீங்க? சீ!"

மனிதர் சிரித்து மழுப்பப் பார்த்தார். அம்மாள் மின்னலிடம் திரும்பினார். "மாத்தி அடிம்மா. வீடு என்னுது. அத்துமீறி உள்ள போனது இவரு. நான் கையெழுத்துப் போடறேன்."

அதே ஏட்டு. இந்த முறை எழுந்து நின்று மனுவை வாங்கினார். "அத்துமீறல்தாம்மா, சந்தேகமே இல்ல" என்று தலையாட்டினார். மனிதரைக் கூப்பிட்டு அதட்டி, இனிமேல் அந்தப் பக்கம் போவதில்லை என்று எழுதி வாங்கினார்.

வெளியே வந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மின்னலைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் முகம் கசந்து கிடந்தது.

"ரெண்டு மனுவும் நான் அடிச்சதுதான்க்கா. அதே வார்த்தை. அந்தாள் படுத்தது என் படுக்கையில. நான் கொடுத்தப்ப மட்டும் ஏன் அந்த ஏட்டுக்குப் படிக்கத் தெரியாமப் போச்சு?"