நோரிகோவின் ‘வேண்டாம்’

ஒருவர் பேசுவதை மொழி மாற்றி இன்னொருவருக்குச் சொல்லும் தொழிலில் வாய் ஓயாமல் பேசலாம், சொந்தமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. என்னைப் போன்ற கூச்சக்காரிக்கு இதைவிட நல்ல வேலை ஏது? மற்ற கஷ்டங்களை, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தறி

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கு அடுத்தது விசைத்தறிக் கூடம். மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஓர் அமெரிக்க ஊரும் ஒரு ஜப்பானிய ஊரும் கணினியில் கூடிப் பேசும். சகோதரி நகரங்கள் என்று அவர்களுக்குள் ஓர் உறவு. பள்ளிப் பிள்ளைகள் மாறி மாறிப் போய்த் தங்கி வருவார்கள். நடுவில், கேமராவை அணைத்துவிட்டு, நான்.

முதல் கூட்டத்திலேயே தறி ஓட ஆரம்பித்தது. மன்னிப்புக் கேட்டேன். அமெரிக்கக் குழுத் தலைவி பார்பரா சொன்னார்: “பரவாயில்லை, நீங்கள் ரயிலில் போய்க்கொண்டே வேலை பார்ப்பதாக நினைத்தோம்.”

ஓட்டல்

ஜப்பானியக் குழுத் தலைவி நோரிகோ, பள்ளி நாட்களில் அப்படிப் போய் பார்பராவின் அறையிலேயே தங்கியவர். அதன்பிறகு இந்த ஆண்டுதான் மறுபடி போகிறார். “எங்கள் வீட்டிலேயே தங்கு” என்றார் பார்பரா. “வேண்டாம், உனக்குச் சிரமம்” என்றார் நோரிகோ. அப்படியே சொன்னேன். “சரி, ஓட்டலில் அறை போடுகிறேன்” என்றார் பார்பரா. திரையில் இரண்டு முகங்களும் வாடிவிட்டன.

என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் கடையநல்லூர் ஜொஹரா அக்காவிடம் போனில் புலம்பினேன்.

“ஏட்டி, நம்ம வீட்டுக்கு வாறவுக யாரு மொதத் தடவை கேட்டதுமே சாப்பிட உக்காருதாக? வேண்டாம்னுதான் சொல்லுவாக. ரெண்டாம் தடவை கேக்கச் சொல்லு.”

“நாம சொந்தமாப் பேசக் கூடாதே அக்கா.”

“அனுமதி கேட்டுட்டுப் பேசு. ஊமையா இருக்கவா மூணு பாஷை படிச்ச?”

கட்டில்

அடுத்த கூட்டத்தில் பார்பரா ஓட்டல் விவரத்தைச் சொல்ல ஆரம்பித்தார். “நான் ஒன்று சொல்லலாமா?” என்று இரண்டு மொழியிலும் கேட்டேன். முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்காகவும் இருக்கலாம், இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள் என்றேன்.

பார்பரா மறுபடி கேட்டார். “உண்மையிலேயே சிரமம் இல்லையென்றால் வருகிறேன்” என்று நோரிகோ தலை குனிந்தார். பார்பரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வா. ஆனால் இந்தத் தடவை ஜன்னலோரக் கட்டில் எனக்கு.”

கேமரா

கூட்டம் முடியும்போது, என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார் நோரிகோ. “வேண்டாம், அறை ஒரே குப்பையாக இருக்கிறது” என்றேன்.

பார்பரா சிரித்தார். “இது எந்த வேண்டாம்? முதலாவதா?”

அடுத்தவர் ‘வேண்டாம்’களுக்கு அர்த்தம் சொல்லப் போனால், தலைகூட வாராமல் இரண்டு நாடுகளுக்கு முகம் காட்ட வேண்டிவரும் என்பதே இந்தத் தொழிலில் நான் கற்றது.