இரண்டாவது கியரில் கிளம்பியவர்

1. நான்காவது ஜாப் கார்டு

"கிளம்பும்போது ஆஃப் ஆகிறது. நாற்பதில் உதறுகிறது. ஏற்றத்தில் இழுக்கவில்லை." ஒரே வண்டிக்கு, குறைகளைப் பதியும் ஜாப் கார்டில், இதே மூன்று வரிகளை நான்காவது தடவையாக எழுதிக்கொண்டிருந்தேன். மேனேஜர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தத் தடவை இஞ்சினை எறக்கிப் பிரிச்சுப் பாத்துடுங்க. பேசிப் பேசி மாளல."

நாமக்கல்லில் சேலம் ரோட்டோரம் ஒரு பைக் ஷோரூமில் சர்வீஸ் அட்வைசராக இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அது அன்று காலையில் கற்றது.

வண்டி, ஃபேரிங் என்ற பிளாஸ்டிக் மூடி இஞ்சினைச் சுற்றிப் போட்ட ஸ்போர்ட்ஸ் பைக். வாங்கி ஐந்து மாதம். உரிமையாளர் செல்லமுத்து, புதுச்சத்திரம். இருபத்தெட்டு வருடம் லாங் ரூட் லாரி ஓட்டியவர். மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். லாரியை விட்டு இறங்கிய கையோடு இந்த வண்டியை எடுத்தார்.

"இத்தன வருசமும் சைடுல இது போகும், பாத்துட்டே இருப்பனுங்க சார். கண்ணச் சிமுட்டறதுக்குள்ள காணாமப் போயிரும். ஒரு நாளைக்கி நாமளும் காணாமப் போலாம்னு ஆசைங்க."

பக்கத்தில் அவர் மனைவி மல்லிகா நின்றிருந்தார். அவர் பஸ்ஸில் வந்திருந்தார். மல்லசமுத்திரத்தில் ஒரு வேகத்தடையில் வண்டி நின்றுபோய், பின்னால் வந்த லோடு லாரி இவர் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி பிரேக் அடித்திருக்கிறது. அன்றிலிருந்து வண்டியில் ஏறுவதில்லை.

"டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்குக் காசே இல்லீங்க. இவரு வண்டியில உசுரைல்ல கேக்குது" என்றார்.

செல்லமுத்து சிரிக்கவில்லை. "லாரி ஓனர் மறுபடி கூப்புடறாருங்க. திங்கக்கெழம வண்டி கெளம்புது. இவ பஸ்ஸுல போயிட்டு இருக்க, நான் ஊட்ல ஒக்காந்து என்ன பண்றது? போயிரலாம்னு பாக்கறேன்."

மல்லிகா சட்டென்று ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். வராத பஸ்ஸைப் பார்ப்பது போல.

2. பின் சீட்டு

எங்கள் ஆட்கள் மூன்று தடவை ட்ரயல் பார்த்து, மூன்று தடவையும் 'குறையில்லை' என்று எழுதியிருந்தார்கள். கையெழுத்து என்னுடையது. இஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் தாள் கையில் இருந்தது. குறையே இல்லாத இஞ்சினைப் பிரித்தால், அன்றுதான் அதற்கு முதல் குறை வரும்.

"அண்ணா, நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி ஒக்கார்றேன்" என்றேன்.

பின் சீட்டு கோழி அடைகிற கிளை மாதிரி உயரத்தில், முன்பக்கம் சரிந்து இருந்தது. பல வருடங்களாக இந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறேன், பின்னால் உட்கார்ந்தது அன்றுதான்.

சர்வீஸ் கொட்டகையிலிருந்து ரோட்டுக்கு ஏறும் சரிவில் வண்டி இருமியது. நின்றது. நான் அவர் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, செகண்டுல எடுக்கறீங்க."

"காலி வண்டிய ஆராச்சும் ஃபர்ஸ்டுல எடுப்பாங்களா சார்?"

ஃபர்ஸ்ட் கியர் லோடுக்கு. காலி லாரி செகண்டில் நகரும். இருபத்தெட்டு வருடப் பழக்கம். ஒருவழியாக ரோட்டுக்கு வந்ததும் மளமளவென்று மேல் கியருக்குப் போனார். நாற்பதில் ஐந்தாவது கியர். இஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். முள் மூவாயிரத்தைத் தொடவில்லை. செயின் உதறியது, என் பல்லும் சேர்ந்து உதறியது.

அந்த இஞ்சினின் உயிர் ஏழாயிரத்துக்கு மேலேதான் இருக்கிறது. அதற்குக் கீழே அது தூக்கத்தில் நடக்கிற பிள்ளை. எங்கள் ட்ரயல் ஆட்கள் ஆறாயிரத்துக்குக் குறைத்து ஒரு நாளும் ஓட்டியதில்லை. அவர்கள் கையில் ஏன் உதறப் போகிறது?

இடம் மாறிக்கொண்டோம். மூன்றாவது கியரிலேயே வைத்து முறுக்கினேன். ஒன்பதாயிரம். இருபுறமும் சோளக்காடு பச்சைக் கோடாக இழுபட்டது. எனக்கு இந்தச் சத்தம் பிடிக்கும். நரைத்த வயதிலும் உடம்பு முழுக்க ஒரு பறவை கிளம்புகிற மாதிரி இருக்கும். என் தோளில் அவர் பிடி இறுகியது.

"போதுஞ் சாமி, நிறுத்துங்க. இஞ்சின் கதறுது."

"கதறலீங்ணா. அதோட பேச்சே அப்படித்தான்."

"இந்தச் சத்தத்துல நான் ஒரு நாள் ஓட்டியிருந்தா ஓனர் அன்னிக்கே என்னை எறக்கி உட்டிருப்பாரு."

வேலிப் பக்கம் வண்டியை நிறுத்தினேன். அவருக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. இஞ்சினை வருத்தாமல் ஓட்டுவதுதான் அவருக்குத் தொழில் தர்மம். அந்தத் தர்மத்தை ஐந்து மாதத்தில் மறக்கச் சொல்ல நான் யார்?

3. சரிவு

ஷோரூமில் ஒரு நேக்கட் பைக் டெமோவுக்கு நின்றது. ஃபேரிங் கிடையாது. இஞ்சின் விலா எலும்பெல்லாம் வெளியே தெரியும். குதிரைசக்தி, உச்ச வேகம் இரண்டிலும் ஸ்போர்ட்ஸ் பைக்குக்குப் பின்னால்தான். ஆனால் அதன் டார்க், அதாவது இழுவை, முழுவதும் கீழேயே, மூவாயிரம் நாலாயிரம் சுற்றிலேயே கிடைத்துவிடும்.

"நூறுக்கு மேல போனா காத்து நெஞ்சுல அறையும். வளைவுல ஸ்போர்ட்ஸ் வண்டி மாதிரி ஒட்டாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"இவள வச்சுட்டு நூறுல போறதுக்கா?" என்றார்.

"நான் ஏறறேன்னு ஆரு சொன்னா?" என்றார் மல்லிகா. சொல்லிக்கொண்டே சீட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். அகலம். சமதளம். ஏறி உட்கார்ந்தார். "மேட்டுல நின்னுச்சுன்னா அப்படியே எறங்கி பஸ்ஸுக்குப் போயிருவேன்."

செல்லமுத்து செகண்டைப் போட்டார். வண்டி ஒரு தடவை உறுமி, இரண்டு பேரையும் சுமந்துகொண்டு சரிவில் நிதானமாக ஏறி, ரோட்டில் கலந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பினார்கள். மல்லிகா மடியில் ஒரு கட்டு முருங்கைக்கீரை இருந்தது.

இந்த வண்டிக்கே மாற்றிக்கொள்கிறோம் என்றார்கள். விற்ற வண்டியைத் திரும்ப எடுப்பதா என்று மேனேஜர் முகம் சுளித்தார். இஞ்சினைப் பிரித்து ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். எக்ஸ்சேஞ்சுக்கு ஒத்துக்கொண்டார். ஸ்போர்ட்ஸ் பைக்கைச் சில நாள் கழித்து, சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண் எடுத்துப் போனாள். அதே சரிவில் ஃபர்ஸ்ட் கியரில் அவள் ஏறிய சத்தத்துக்குக் கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அந்த வண்டி பிறகு எந்தக் குறையும் சொல்லி வரவில்லை.

வண்டி மாற்றிய அன்று செல்லமுத்து கிளம்பும்போது பழைய வண்டியின் டேங்க்கைத் தடவினார். "நல்ல வண்டிதானுங்க. எனக்குத்தான் அதை வெரட்ட மனசு வரல."

இப்போது என் ஜாப் கார்டில், குறை எழுதும் இடத்துக்கு மேலே, கையால் ஒரு கேள்வி எழுதிக்கொள்கிறேன்: இதற்கு முன் என்ன வண்டி ஓட்டினீர்கள்? பதில் கேட்ட பிறகு, முடிந்தால் பின் சீட்டில் ஏறி ஒரு சுற்று. ஸ்பேனர் எல்லாம் அதற்கு அப்புறம்.

போன மாதம் இருவரும் சர்வீஸுக்கு வந்தார்கள். ஓனரின் லாரிக்கு வேறு டிரைவர் வந்துவிட்டாராம். மல்லிகாவைப் பார்த்து, "ஏனுங்கக்கா, பஸ்ஸு வரலீங்களா?" என்று சீண்டினேன்.

ஹெல்மெட்டைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்தார்.

"பஸ்ஸு வரத்தான் செய்யுதுங்க சார். அதுல இந்த மனுசன் வர்றதில்லையே."