எரிமலையில் சறுக்க ஒரு பிணை

முந்தாநாள் சந்தியில் ஒரு தம்பி என் சைக்கிளை மறித்தார். ஊரை விட்டுப் போகிறவர்களுக்கு அனுமதி கொடுக்கும் பாஸ் அலுவலகத்துத் தம்பி. மரியாதையான பிள்ளை.

"ஐயா, அம்மா எப்ப திரும்பி வாறா?"

அம்மா என்று அவர் கேட்டது என் மனைவி திரேசாவை. அவள் பனியில் சறுக்கி விளையாடப் போயிருக்கிறாள்... சிரிக்காதீர்கள். இத்தாலியில். அதுவும் ஓர் எரிமலையில்.

குருநகரில் பிறந்து, கோயில் கோபுரத்தை விட உயரமாக எதையும் காணாதவளுக்கு எரிமலை எதற்கு? எல்லாம் எங்கள் மகன் அன்ரனால் வந்தது. மீசை அரும்பிய வயதில் அவனை வெளியே அனுப்பினோம். ஏன் அனுப்பினோம் என்று, அந்த வயதில் பிள்ளை வைத்திருக்கும் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? இப்போது அந்த மலையடிவாரத்து ஹோட்டலில் கோப்பை கழுவுகிறான். அவன் இங்கே வர முடியாது. அதனால் எங்களை அங்கே கூப்பிட்டான். லீவு எடுத்துச் சறுக்கக் கூட்டிக்கொண்டு போவானாம். மலை புகைக்குமாம், பயப்பட வேண்டாமாம்.

கூடவே ஒரு வண்ணப் படமும் அனுப்பியிருந்தான். வெள்ளை மலை, உச்சியில் புகை, கீழே காலில் பலகை கட்டிய கூட்டம். திரேசா மலையைப் பார்க்கவில்லை. ஓரத்தில் நின்ற ஒரு பெடியனை விரலால் தடவி, "இது அவனோ?" என்றாள். அது யாரோ வெள்ளைக்காரன்.

படகுக்கார யோசேப்பு அண்ணையிடமும் படத்தைக் காட்டினேன். சண்டையில் மின்சாரம் போய், ஐஸ் தொழிற்சாலை பூட்டிய நாளிலிருந்து பிடிக்கிற மீனையெல்லாம் உப்பிட்டுக் கருவாடாக்குகிறவர் அவர்.

"மீனுக்குப் போட எங்களிட்டை ஒரு கட்டி ஐஸ் இல்லை. உவங்கள் அதுக்கு மேலை ஏறி நிண்டு விளையாடுறாங்கள்" என்றார்.

நான் விடவில்லை. திட்டம் போடுவதில் நான் சூரன்! பழைய உடுப்புக் கடையில் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு மங்கி கேப்பும் பிடித்தேன். பயிற்சிக்கு மலை வேண்டுமே? எங்களிடம் இருக்கிற ஒரே மலை கீரிமலை. அதிலும் ஏற்றம் கிடையாது, கேணிக்குள் இறக்கம்தான். இப்போது அங்கே ஆமி இருக்கிறது, போக முடியாது. ஆகவே மணற்காட்டு மணல் மேட்டுக்குத் திரேசாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். கருக்குச் சீவிய இரண்டு பனைமட்டையைக் காலில் கட்டி, ஸ்வெட்டரும் தொப்பியுமாக உச்சியில் நின்றேன்.

பாதி இறங்கியிருப்பேன் — மேலே ஹெலிகொப்டர்ச் சத்தம். அவன் சுடமுன் அப்படியே குப்புற விழுந்தேன். சறுக்குக்காரருக்கு விழப் பழகுவதுதான் முதல் பாடமாம். அந்தப் பாடத்தில் எங்கள் ஊரில் யார் தவறியிருக்கிறார்கள்?

பிறகு பாஸ் எடுக்கப் போனோம்.

"ரண்டு பேரும் போனால் பிணை ஆர் ஐயா?" என்று கேட்டார் இதே தம்பி.

போகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு இங்கே ஒருவர் பிணை நிற்க வேண்டும். எனக்குத் தெரியாததா? அயலட்டைக்கெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவனே நான்தான்! ஸ்வெட்டருக்கு அளவு பார்த்த மண்டைக்குப் பிணைக்கு ஆள் பார்க்கத் தோன்றவில்லை. யோசேப்பு அண்ணை ஏற்கெனவே மருமகளுக்குப் பிணை. இந்த ஊரில் எல்லோரும் யாரோ ஒருவருக்குப் பிணை.

வீட்டுக்கு நடந்து வரும்போது திரேசா, தான் பிணை நிற்பதாகவும் என்னை மகனிடம் போகும்படியும் சொன்னாள்.

"எனக்குச் சறுக்க வராது. பாத்தனீர்தானே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, அவனைக் கண்டால் பிறகு நான் விட்டிட்டு வரமாட்டன். உங்களை என்ன செய்வாங்கள்?"

"என்ன, பேப்பரிலை பத்தி எழுத விடமாட்டாங்கள். வாசகர் சந்தோசப்படுவினம்."

பிணைக் கையெழுத்தைப் போட்டேன். என் எழுத்துகளில் அதுதான் சுத்தமான கற்பனை.

யோசேப்பு அண்ணைதான் கிளாலிக் கடலால் அவளை அக்கரையில் கொண்டுபோய் விட்டார். படகேறுகையில் சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டரையும் போட்டிருந்தாள். என் தொப்பியையும் கொடுத்துவிட்டேன்.

போன கிழமை ஒரு படம் வந்தது. பனிக்கு நடுவே என் மங்கி கேப்புக்குள் இரண்டு கண்கள். அவள் எங்கே சறுக்குகிறாள்? மகனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் மலை புகைகிறது. ஒருவரும் ஓடவில்லை.

அந்தப் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் முந்தாநாள் தம்பிக்குப் பதில் சொன்னேன்.

"பனி உருகினவுடனை வந்திடுவா, தம்பி."

தம்பி தலையாட்டி வழி விட்டார். அந்த மலையுச்சிப் பள்ளங்களில் பனி கோடையிலும் உருகாமல் கிடக்குமாம். மகன் எழுதியிருக்கிறான்.

இந்தப் பத்தியை யாரும் அந்தப் பாஸ் அலுவலகத்துப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.