சோதனைச் சாவடியில் இரண்டு போத்தல்கள்

யுத்தகாலத்திலிருந்தே நான் கொழும்பு வெள்ளவத்தையில் பழைய கணினிகளைத் திருத்திவருகிறேன். கீபோர்ட்டில் ஒரு கீ உடைந்தால் மாற்றுக் கீ எங்கும் கிடைக்காது. நல்ல கீயை வைத்து ரப்பர் அச்செடுத்து, கலந்தால் பிளாஸ்டிக்காக இறுகும் இரண்டு திரவங்களை ஊற்றி நானே வார்ப்பேன்.

யுத்தகாலத்தில் ஒருநாள் அந்தத் திரவங்களை வாங்க மனைவியின் தம்பி சுதனைக் கிராண்ட்பாஸ் கடைக்கு அனுப்பினேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அவனுக்குச் சிங்களம் தெரியாது. திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் பையைத் திறந்து, இரண்டு போத்தல்களையும் காட்டி, "மேக்க மொகக்த?" இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அவனால் விளக்க முடியவில்லை. வெடிகுண்டுப் பொருளென்று பொலிஸில் ஒப்படைத்துவிட்டார்கள்.

தகவல் கிடைத்ததும் கீபோர்ட்டையும் அச்சையும் தூக்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு ஓடினேன்.

"செய்து காட்டு" என்றார் பொறுப்பதிகாரி, சிங்களத்தில்.

மூலையில் நின்றிருந்த சுதனின் முன்னாலேயே, போத்தல் திரவங்களை அவர் மேசையில் கலந்தேன். இறுகும்போது அது சூடேறும். கோப்பையில் புகை கிளம்பியதும் ஒரு பொலிஸ்காரர் துப்பாக்கியை என் நெஞ்சுக்கு நீட்டினார். நான் அசையவில்லை. ஆறியதும் அச்சை உரித்து, கீயைப் பொருத்திக் கொடுத்தேன். பொறுப்பதிகாரி அதை அழுத்திப் பார்த்தார்.

"சரி, நீ போ. அவனை விசாரிக்க வேண்டும்."

"அத்தான், விட்டிட்டுப் போகாதேங்கோ" என்றான் சுதன்.

பல மாதங்கள் கழித்துத்தான் விட்டார்கள். 

இப்போது திரவங்களை வாங்க நானே போகிறேன். வார்த்த கீ ஒன்றையும் கையோடு கொண்டுபோகிறேன். விளக்கிச் சொல்ல முடியாத ஒருவரை இப்படியான பொருள் வாங்க அனுப்பாதீர்கள். சுதன் வெளியே போயிருக்கும்போது மட்டுமே வார்க்கிறேன். அவன் திரும்பிய பிறகு முதன்முறை வார்த்தபோது, அந்த மணம் மூக்கில் பட்டதும் எழுந்து, கைகளை உயர்த்திச் சுவரைப் பார்த்து நின்றான்.