மீன் இல்லாத மீன் தண்ணீர்

போன வாரம் திருவள்ளூரில் ஒரு கல்யாண வரவேற்பு. பந்திக்குப் போகிற வழியில், பானிபூரி மேசைக்கும் பஞ்சுமிட்டாய் மேசைக்கும் நடுவே ‘சுத்த சைவ கொரியன் நூடுல்ஸ்’ என்று ஒரு பலகை வைத்திருந்தார்கள். வாளி உயரத்துக்குத் தொப்பி மாட்டியிருந்த ஒருவர் குடைமிளகாயையும் தக்காளி சாஸையும் வாணலியில் புரட்டி, மேலே பன்னீர் தூவி, கொத்தமல்லி கிள்ளிப் போட்டுக் கொடுத்தார். கொரியாவுக்கும் அந்தத் தட்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பதை மோந்து பார்த்தே சொல்லிவிடலாம். மீன் வாடையே இல்லை. வாங்கிக்கொண்டு ஓரமாக நின்று தின்றேன். யாரிடமும் எதையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

சில வருஷங்களுக்கு முன், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார் பாகங்கள் செய்கிற ஒரு கொரியன் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நான் திருப்பாச்சூர்க்காரன். எங்கள் வீட்டில் முட்டைகூட வாசற்படி தாண்டியதில்லை. இதில் பக்தி, கொள்கை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வாடை பட்டாலே எனக்குக் குமட்டும், அவ்வளவுதான். கொள்கை என்றாலாவது நாலு பேர் மதிப்பார்கள். குமட்டலுக்கு யார் மரியாதை தருவார்கள்?

பயிற்சிக்காக ஒருவரைக் கொரியாவுக்கு அனுப்பப் போகிறோம் என்று எங்கள் மேலாளர் பார்க் சார் அறிவித்திருந்தார். என் பெயரைத்தான் எல்லாரும் சொன்னார்கள். நானும் மனசுக்குள் ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன். ஒரு நாள் கேண்டீனில் என் தயிர்சாத டப்பாவை எட்டிப் பார்த்த பார்க் சார், தினமும் இதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. அங்கே போய் நான் பட்டினி கிடந்து செத்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டுமாம். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கொரியன் அம்மாள் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறாரே, முதலில் அங்கே ஒரு கிண்ணம் முழுதாகச் சாப்பிட்டுக் காட்டு, அப்புறம் விமானத்தைப் பற்றிப் பேசலாம் என்றார். நான் இஞ்சினியரிங் முடித்து, அரியர் இல்லாமல் பாஸ் செய்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான் கணக்காம்.

பக்கத்து மேசை தேவகி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னோடு ஒரே நாளில் பர்ச்சேஸில் சேர்ந்தவள். பழவேற்காட்டு மீனவக் குடும்பம்.

“நீ தனியா போயி இன்னாத்த கண்டுபுடிக்கப் போற? உன் மூஞ்சியப் பாத்தாலே ஏமாத்திடுவாங்க. நானும் வரேன்.”

சனிக்கிழமை மதியம் போனோம். கொரியன் இஞ்சினியர்கள் தலை குனிந்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். மெனு அட்டையில் ‘வெஜிடபிள் நூடுல்ஸ்’ என்று ஆங்கிலத்தில் இருந்ததைப் பார்த்து நான் பூரித்துப் போனேன். வந்த கிண்ணத்தில் காய்கறி இருந்தது. கூடவே பன்றியும் இருந்தது. காய்கறி இருக்கிறது என்றுதான் எழுதியிருந்தார்களே ஒழிய, மற்றது இல்லை என்று யாரும் எழுதவில்லை. ஆன்ட்டி, கடைக்கார அம்மாளை நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம், கறியைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே கிண்ணத்தைத் திரும்ப வைத்தார். பிரச்சினை தீர்ந்ததாம்.

அடுத்த வாரம் கறி இல்லாத வெறும் சூப் நூடுல்ஸ் கேட்டேன். மீன் உண்டா என்று கேட்டதற்கு ஆன்ட்டி அடித்துச் சொன்னார்: “நோ ஃபிஷ். வாட்டர்.”

தேவகி ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுக் கண்ணை மூடினாள்.

“நெத்திலி. காயவச்சது. தலையக் கிள்ளிட்டுதான் போட்டுக்கிறாங்க, கசப்பே இல்ல பாரு.”

“நான் எப்படிப் பார்க்கறது?”

“சரி, உடு. எங்க ஊட்டு வாசல்ல காயிறது, எனக்குத் தெரியாதா?”

ஆன்ட்டி உள்ளே போய், வெந்த நெத்திலி நிறைந்த வடிகட்டியைக் கொண்டுவந்து காட்டினார். மீனையெல்லாம் எடுத்தாயிற்று, ஆகவே மீன் இல்லை. இந்தத் தர்க்கத்தில் இன்றுவரை எனக்கு ஓட்டை அகப்படவில்லை. சரி, தொட்டுக்கொள்ள வைத்திருக்கிற முட்டைக்கோஸ் ஊறுகாயையாவது தின்னலாம் என்று கையை நீட்டினேன். தேவகி முந்திக்கொண்டாள். “கூனி இறா போட்டு ஊற வச்சிருக்குதுபா. வச்சிடு.”

சனிக்கிழமைகள் இப்படியே போயின. நான் விசாரணை நடத்துவேன், தேவகி சாப்பிடுவாள். எனக்கு வாடை, அவளுக்கு விருந்து. “சூப்பரா கீதுபா, உனக்குத்தான் குடுப்பின இல்ல” என்று எனக்காக வந்த கிண்ணத்தையும் காலி செய்வாள். குச்சிகளைப் பிடிக்கப் பழகிவிட்டாள். இன்னும் கொஞ்சம், காரம் போதும், ரொம்ப ருசி என்று ஆன்ட்டியிடம் கொரியனில் பேசவும் ஆரம்பித்துவிட்டாள். நான் வெளியே வந்து பிஸ்கட் வாங்கித் தின்பேன்.

ஒரு சனிக்கிழமை, கத்திரி வெயில். நான் வாயைத் திறப்பதற்குள் ஆன்ட்டி கையைக் காட்டி நிறுத்திவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் மிக்ஸி ஓடியது. வெள்ளையாக, ஐஸ் மிதக்க ஒரு கிண்ணம் வந்தது. அடியில் நூடுல்ஸ், மேலே வெள்ளரிக்காய் சீவல். தேவகி ஒரு வாய், பிறகு இன்னொரு வாய் வைத்தாள்.

“சோயா பயிறு. உப்பு. அவ்ளோதான்.”

“நெத்திலி?”

“இல்ல.”

“கூனி?”

“ஒண்ணும் இல்லபா. பாவம், ருசிகூட இல்ல.”

சர்க்கரை போட மறந்த பாயசத்தில் இடியாப்பத்தை நனைத்த மாதிரி இருந்தது. ஆன்ட்டி அடுப்படி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பயத்தில்தான் தின்ன ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் அந்தக் குளிர்ச்சியும் பயறின் வாசனையும் நாக்கில் மெல்லப் பிடிபட்டன. கிண்ணத்தை வழித்து வைத்ததும், ஆன்ட்டி என்னைக் கேட்காமலே இன்னொரு பிடி நூடுல்ஸ் போட்டார்.

திங்கட்கிழமை பார்க் சாரிடம் வெற்றிச் செய்தியைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்தச் சனிக்கிழமை நேரில் பார்க்க வந்துவிட்டார். நான் சோயா கிண்ணத்தைப் பரீட்சை எழுதுகிற மாதிரி ஒரு சொட்டு மிச்சமில்லாமல் முடித்துவிட்டு நிமிர்ந்தேன். பார்க் சார் என் பக்கமே திரும்பியிருக்கவில்லை. தேவகி நெத்திலி சூப்பை உறிஞ்சிக்கொண்டே, அடுப்படியைப் பார்த்து ஆன்ட்டியிடம் கொரியனில் ஏதோ சொல்ல, ஆன்ட்டி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். பார்க் சாரும் சிரித்தார். அவர் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

கொரியாவுக்கு தேவகி பெயர் வந்தது.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.  பொன்னேரி வந்ததும், “நான் கேக்கலபா. சத்தியமா. நீ வேணாம்னு சொல்லு, நான் போவல” என்றாள்.

வயிறு எரிந்தது உண்மை. எனக்காக ருசி பார்க்க வந்தவளை நானே வாராவாரம் பயிற்சி கொடுத்துத் தேர்வு செய்து அனுப்பியிருக்கிறேன். ஆனால் அவள் கை துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. சென்னை தாண்டிப் போகாதவள்.

“போ. அங்க உயிரோட இருக்கப் போறது நீதான்” என்றேன். அவள் அழுதுகினே சிரித்தாள். பாருங்கள், அவள் பாஷை எனக்கே ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவள் போன பிறகும் சனிக்கிழமைகளில் அந்தக் கடைக்குப் போனேன். ஆன்ட்டி சோயா அரைத்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, “தேவகி, போன்?” என்று கேட்பார். போன் வந்தது, அங்கே குளிராம், ரசத்துக்கு ஏங்குகிறாளாம் என்று நான் சைகையில் சொல்வேன். ரசத்தைச் சைகையில் சொல்வது லேசில்லை.

பிறகு கம்பெனி கொரியர்கள் இருந்த பிரிவையே சென்னைக்குத் தெற்கே மாற்றியது. அவர்களும் அங்கே குடிபோனார்கள். ஒரு சனிக்கிழமை போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. சொல்லிக்கொண்டு போக ஆன்ட்டிக்கு என் நம்பரும் தெரியாது, பாஷையும் தெரியாது. இப்போது அங்கே டயர் கடை இருக்கிறது.

அந்தக் கடைக்கு ஒரு பெயர் இருந்தது. வாசலுக்கு மேலே ஒரு பலகையில் கொரியன் எழுத்தில், சிவப்பில், பெரிதாக எழுதியிருந்தார்கள். எங்களுக்கு அது வெறும் சூப் கடைதான்; என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க ஒருநாளும் தோன்றவில்லை. தேவகிக்கும் அப்போது பேச வருமே தவிரப் படிக்க வராது. படிக்கக் கற்றுக்கொண்டு அவள் ஊர் திரும்பிய வாரம், இருவரும் வண்டியில் போய்ப் பார்த்தோம். பலகைக்கு வெள்ளை அடித்திருந்தார்கள்.